ஓசி நெட்

வேணாம்மா, அத மூடு. கோச்சுக்காத, அடுத்தவங்க போன எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குக் கெடையாது. நீ பேங்க் ஆப்பத் திறந்தது கண்ணுல பட்டுடுச்சு. அதுவும் இந்த ஸ்டேஷன் ஓசி நெட்டுலயா? ஒரே பேருல ரெண்டு காட்டுது பாரு. ஒண்ணுல மட்டும் கடைசி எழுத்து ரெண்டு தடவ வருது. எது ஸ்டேஷனோடது, எது எவனோ பக்கத்து பெஞ்சுல உக்காந்து விரிச்ச வலைன்னு உனக்கு எப்படித் தெரியும்? என்னது, ரூம் வாடகையா? வீட்டுக்காரம்மா கத்துனா கத்தட்டும். அப்புறமா உன் சொந்த நெட்டுல போட்டுக்கோ.

ஆமா, பட்டவதான் சொல்றேன். இந்தப் பக்கம் வந்து உக்காரு. அந்தப் பைய நகத்த வேணாம், எங்க அக்காவோடது. டீ வாங்கப் போயிருக்கா.

பேங்க் பெரிய ஆபீசுக்குத்தான் போறோம். என் கணக்குல இருந்ததெல்லாம் வழிச்சு எடுத்துட்டாங்க. எப்படிப் போச்சு, யார்மேலயாவது சந்தேகம் இருக்கான்னு இன்னைக்கு நேர்ல வந்து சொல்லணுமாம். ஓசி நெட்டுல நானேதான் திறந்துட்டேன்னு சொன்னா, உங்க கவனக்கொறைவுன்னு கைகழுவிடுவாங்க. ஒரு பேரச் சொன்னா போலீஸ் வரும். பணமும் வந்தாலும் வரும்.

மருந்துக்கடையில நின்னு நின்னு, காலு வீங்கிச் சேத்த காசும்மா. அவர் போனதுலேருந்து அக்கா வீட்டு மாடி ரூம்லதான் இருக்கேன். சொந்தமா ஒரு ரூம், ஒரு அடுப்படி, நான் நெனச்சா திறக்கறதுக்கு ஒரு ஜன்னல். பாத்தும் வெச்சிருந்தேன். வெளிநாட்டுல இருக்கிற மகனப் பாத்துட்டு வந்து பத்திரம் பண்றதா இருந்தது.

பயணத்துல எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேங்கற! கடையில ஒரு மாத்திரைப் பட்டையக்கூடத் தேதி பாக்காமக் கைமாத்தாதவ நான். ஏர்போர்ட்ல சார்ஜ் போட அங்க தொங்குற வயரக்கூடத் தொடல. மகன் வீட்டுலயே, முந்தானைய இழுத்துப் போன மூடிக்கிட்டுத்தான் ரகசிய நம்பர அழுத்துவேன். அத்தை போனுக்குப் பால் குடுக்குறாங்கன்னு மருமக சிரிப்பா.

அப்புறம் எப்படி ஓசி நெட்டுல திறந்தீங்கன்னு கேக்குறியா? கெட்டிக்காரிதான் நீ. பேங்க்குல யாருமே இதக் கேக்கல.

திறக்கலம்மா.

பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு போட்டு யாரோ மாத்தியிருக்காங்க மேடம்னு பேங்க் பொண்ணு போன்ல சொன்னா. ரகசியக் கேள்விக்கு மொதத் தடவையே சரியான பதிலாம். என்ன கேள்வி தெரியுமா? சின்ன வயசுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க.

தொங்கட்டான். சிரிச்சுக்கோ, பரவாயில்ல. காதுல தொங்கி ஆடுமே, அது. ஜடையப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே திரிவேனாம். இப்போ அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட இந்த ஒலகத்துல ஒரு வாய்தான் மிச்சம். சரி, அத இங்கிலீஷ் எழுத்துல எழுது பாப்போம். ஹெச் போடுவியா, மாட்டியா? நடுவுல கே-யா, ஜி-யா? பத்துப் பேரு பத்து விதமா எழுதுவாங்க. எனக்குத் தெனம் காலைல அந்தப் பேரு போட்டு போன்ல ஒரு குட்மார்னிங் வரும். அதுல ஹெச் இருக்காது, ஜி ரெண்டு இருக்கும். அந்தத் தப்ப அப்படியே பேங்க்குலயும் போட்டு வெச்சிருந்தேன். தப்பா இருந்தாத்தானே பத்திரம்?

ஓடிபியா? அதுவும் வந்திருக்கு, பழைய சிம்முக்கு. மகன் ஊருக்குப் போனா வேற சிம் போடணும்னாங்க. இது நகம் அளவு. வழியில தொலஞ்சிடுமேன்னு பயந்து, காலி மாத்திரை டப்பால பஞ்சு வெச்சு மூடி, பத்திரமாக் குடுத்துட்டுத்தான் கெளம்புனேன்.

யார்கிட்டயா? இவ்வளவு நேரமா இடிக்காம உக்காந்திருக்கியே, அந்தப் பைக்குச் சொந்தக்காரிகிட்ட.

மூஞ்சிய மாத்தாத, சாதாரணமா இரு. நான் திரும்பி வந்து எறங்குனதும் கட்டிப் பிடிச்சு அழுதா. எந்தப் பாவி கைய வெச்சானோ, வழியில ஓசி நெட்டுல திறந்திருப்படீன்னு மொதல்ல சொன்னதே அவதான். நானும் ஆமாக்கான்னேன். அவ பையன் மூடப்போறேன்னு இருந்த கடைக்குப் புதுசாக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தான். தள்ளித் திறக்கப் போனா, அதுல என் மூஞ்சி. நான் அவளக் கேக்கவே இல்ல. அவளும் சொல்லல.

கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னெல்லாம் பெரிய மனுஷி வேஷம் போட மாட்டேன். குடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும்.

இன்னைக்கு என்ன சொல்லப் போறேனா? அதத்தாம்மா பழகிக்கிட்டிருக்கேன். பாக்குறவங்ககிட்ட எல்லாம் ஓசி நெட்டு, ஓசி நெட்டுன்னு. நாலு பேருகிட்டச் சொல்லி வெச்சா, அங்க போய் நாக்குக் கொழறாது பாரு. அவளப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டா, அப்புறம் என்னைய அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா? உன்கிட்டத்தான் என்னமோ மீதியும் வந்துடுச்சு. வண்டி வந்தா நீ போயிடுவ.

உஷ், வர்றா. ரெண்டு கையிலயும் கப்பு, ஒரு சொட்டு தளும்பல பாத்தியா?

ஒண்ணுமில்லக்கா, இந்தப் பொண்ணு ஓசி நெட்டுல பேங்க்கத் திறக்கப் பாத்துச்சு. நீ சொல்வியே, அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். குடு, குடு, கை சுடப்போகுது. எனக்குச் சக்கர கம்மியாத்தானே? கேக்கவே வேணாம். என் விஷயத்துல நீ எத மறந்திருக்க?