தொப்பைக் கரடி வேண்டாம் என்று சொல்லாது

முதலில் கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் நல்லது, மேடம். தொண்டையை நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற ஆள். பன்னிரண்டு வருடமாக எனக்குச் சோறு போட்டது அதுதான். ஐஸ் தண்ணீர் தொடமாட்டேன், எண்ணெயில் பொரித்த எதையும் வாயில் வைக்கமாட்டேன். எங்கள் கடைச் சாப்பாட்டை நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அதையும் வேண்டுமானால் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

தொப்பைக் கரடியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தெரியாமல் தப்பிக்க வழியே கிடையாது. மஞ்சள் பனியன், அதற்குக் கீழே பிதுங்கும் வயிறு, டிவியில் கார்ட்டூனுக்கு நடுவே உருண்டு வந்து விழும். எங்கள் சாப்பாட்டுக் கடைகளின் விளம்பரக் கரடி. அதற்குக் குரல் கொடுத்தது நான்தான். ஆனால் டிவியில் பேசுவது பெரிய காரியமில்லை. அம்மாக்கள் வந்து டிவியை அணைத்துவிடுகிறார்கள். இதற்கு என்ன செய்வது என்று விளம்பரப் பிரிவே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, டிவி எதற்கு, நேரே போன் போட்டுப் பேசிவிடலாமே என்றேன்.

கடையில் தட்டுக்கு அடியில் வண்ணம் தீட்டுகிற படம் ஒன்றை விரிப்போம். அதன் பின்பக்கம் நாலு கேள்வி. பெயர், பிறந்தநாள், வீட்டு போன் நம்பர். நாலாவது கேள்வி என் கைவரிசை: உனக்கு எதைக் கண்டால் பயம்? பெற்றவர்களே பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துப்பிழை திருத்தி, நிரப்பிக் கொடுத்தார்கள். பிறந்தநாள் காலையில் வீட்டில் போன் அடிக்கும். "எனக்கும் பல்லின்னா பயம்தான் செல்லம். நம்ம கடையில ஒரு பல்லி கிடையாது, ஓடி வந்துடு" என்பேன். கடையில் பல்லி இல்லை என்பது மட்டும் பொய். மற்றபடி மனசாரச் சொன்னதுதான்.

கரடிக்கு நான் ஒரு சட்டம் எழுதி, ஒலிப்பதிவு அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். கரடி வேண்டாம் என்ற சொல்லைச் சொல்லாது. வீட்டில் அம்மா வேண்டாம் என்பாள், பள்ளியில் டீச்சர் கூடாது என்பார், பல் டாக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உலகத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் எதற்கும் மறுக்கவில்லை என்றால் குழந்தை யார் பக்கம் சாயும்? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. கூடவே ஒரு வசதியும் செய்தோம். பிறந்தநாள் மாதம் முழுக்க, படம் நிரப்பிய பிள்ளைகளுக்குக் கொடுத்த கரடி அட்டையை நீட்டினால் தினம் ஒரு பெரிய கோப்பை இனிப்புப் பானம் இலவசம். பெரியவர்கள் துணைக்கு வர வேண்டும் என்று முதலில் யாரோ அட்டையில் எழுதியிருந்தார்கள். நான்தான் அதை அடித்து எடுத்தேன். கரடியின் படத்துக்கு இடம் போதவில்லை.

போன வருடம் என் தங்கை மகளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. ஏழாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த வியாதிக்கும் எங்கள் கடைக்கும் சம்பந்தமில்லை. டாக்டரிடம் கேட்டு எழுதியே வாங்கி வைத்திருக்கிறேன். வாண்டு என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். தினமும் ஊசி, தினமும் தராசில் நிறுத்துச் சாப்பாடு. ஊசிக்கு வாண்டு அழவே இல்லை. கரடி கடைக்கு இனிமேல் போகக்கூடாது என்றதற்குத்தான் வீட்டை ரெண்டாக்கினாள்.

தங்கை என்னைத் தேடி வந்தாள். வாசலிலேயே நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணா, நான் சொன்னாலும் கேக்கமாட்டேங்கிறா, அவங்க அப்பா சொன்னாலும் கேக்கமாட்டேங்கிறா. கரடி வேண்டாம்னு சொல்லட்டும், அப்ப விட்டுடறேங்கிறா. நீதானே பேசற? ஒரே ஒரு தடவை சொல்லிடேன்."

"இதுக்குப் போய் அழுவாங்களா? சொல்லிட்டாப் போச்சு."

"உனக்குப் புண்ணியமாப் போகும்ணா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, மேடம்.

மறுநாள் ஒலிப்பதிவு அறையிலிருந்து கூப்பிட்டேன். அங்கே இருந்தால்தான் குரல் எடுபடும். வாண்டு போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடிக் கதவைச் சாத்தினாள். "கரடி, இனிமே உன்கிட்ட வரக்கூடாதாம். நீயும் அதையே சொல்லப்போறியா?" என்று கேட்டாள்.

சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிரே என் கைப்பட எழுதிய சட்டம். இன்றைக்கு இவளிடம் சொன்னால் நாளைக்கு இவள் பள்ளி முழுக்கத் தமுக்கடிப்பாள், கரடியும் மற்றவர்கள் மாதிரிதான் என்று. அப்புறம் கரடியை எந்தக் குழந்தை சீந்தும்? "அம்மாவுக்கு உன்மேல பாசம் ஜாஸ்தி செல்லம், அதான் பயப்படறாங்க. அவங்க பயப்படாம நாம பாத்துக்கலாம். நம்ம விஷயம் நீயும் நானும் மட்டும், சரியா?" என்றேன். "சரி" என்று கிசுகிசுத்தாள். தங்கையிடம், சொல்லியாகிவிட்டது, கவலைப்படாதே என்று சொன்னேன். அந்தக் கிசுகிசுப்பு ஒலிப்பதிவில் அருமையாக விழுந்திருந்தது. அடுத்த விளம்பரத்தில் அதையே போட்டோம்.

வாண்டு நீச்சல் கற்றுக்கொண்ட இடமும் எங்கள் கிளையும் ஒரே கட்டடம். தங்கை அவளை வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓடுவாள். வகுப்பு தொடங்கக் கால்மணி நேரம் இருக்கும். பிறந்தநாள் மாதம் பிறந்ததிலிருந்து பத்தொன்பது நாள் அவள் அட்டையை நீட்டி, பானத்தைக் குடித்துவிட்டு மாடிக்குப் போயிருக்கிறாள். வீட்டில் சர்க்கரை அளவு எகிறிக்கொண்டே போனது. தங்கை தன் சமையலில்தான் தப்பு என்று நினைத்துச் சாப்பாட்டை இன்னும் குறைத்தாள். டாக்டர் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே போனார். இருபதாம் நாள் எங்கள் கிளையில் புகைக்கூண்டைச் சுத்தம் செய்யக் கடையை மூடியிருந்தார்கள். வயிற்றில் பானம் இல்லை, உடம்பில் மட்டும் அவ்வளவு மருந்து. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, நீச்சல் குளத்தின் நடுவில் மயங்கி அடியில் போய்விட்டாள். எங்கள் பானத்தைக் குடித்ததால் அல்ல, குடிக்காததால்தான் இது நடந்தது என்பதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கழித்துக் கண் விழித்தாள். என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டார், தங்கை கேட்டாள், வாயைத் திறக்கவில்லை. கரடி கேட்டால் சொல்வாள் என்று தங்கைக்குத்தான் தோன்றியது. நான் வராந்தாவில் நின்று போன் செய்தேன். தங்கை ஸ்பீக்கரில் போட்டுப் பிள்ளையின் காதருகே பிடித்தாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லல கரடி" என்றாள் வாண்டு. நாக்கு குழறியது. "நீயும் நானும் மட்டும்னு சொன்னே இல்ல? டாக்டர் எவ்வளவு கேட்டாரு தெரியுமா, சொல்லவே இல்ல."

தங்கை வெளியே வந்தாள். "அண்ணா" என்று மட்டும் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். எதையும் பூசி மெழுகவில்லை. போன மாதம் கடையிலிருந்தும் என்னை அனுப்பிவிட்டார்கள். கரடிக்குப் புதிதாக ஒருவர் பேசுகிறார். பிறந்தநாள் பட்டியலை அவரிடம் ஒப்படைக்கும்போது வாண்டுவின் பெயரை எடுத்துவிடத்தான் நினைத்தேன். வருகிற புதன்கிழமை அவளுக்கு எட்டு வயது. அன்றைக்குப் போன் வரவில்லை என்றால் அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபடும்? அதனால் பெயரை எடுக்கவில்லை. பேச்சு குழறும், பொறுமையாகக் கேளுங்கள் என்று பக்கத்தில் எழுதி வைத்தேன். ரகசியத்தை நம்பிச் சொல்லலாம், உயிரே போனாலும் வாயைத் திறக்கமாட்டாள் என்றும் எழுதியிருக்கிறேன். தாய்மாமன் இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எப்படி?