டோக்கியோவில் கும்பிட்ட கல்

"நான் கும்பிட்ட கல்லு சாமி இல்லையாம் அக்கா, கலையாம்."

ஸ்டுட்கார்ட் ரயிலில் என் முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். சொன்னவர் டோக்கியோவில் மகளோடு ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தவர். மடியில் கீரைப் பையோடு கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வயது கூட.

"எங்கை கும்பிட்டனீர்?"

"நவீன கலைக் கண்காட்சியிலை. மகள்தான் கூட்டிக்கொண்டு போனவள். வெள்ளை அறைக்கு நடுவிலை ஒரு கறுப்புக் கல்லு. மேலையிருந்து தண்ணி சொட்டுச் சொட்டா விழுது. பாத்தா ஆருக்கும் என்ன நினைப்பு வரும்? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மூண்டு தரம் சுத்தினனான்."

"பிடிச்சு வெளியாலை கலைச்சவையோ?"

"இல்லையக்கா. திரும்பிப் பாத்தா ஜப்பான்காரர் எல்லாரும் சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா அடுக்கிவைச்சிட்டு, எனக்குப் பின்னாலை வரிசையாச் சுத்தி வருகினம். அதை அப்பிடித்தான் பாக்கவேணும் எண்டு நினைச்சிட்டினம். ஒரு ஜெர்மன்காரன் மட்டும் சுத்தேல்லை. எத்தினை தரம் சுத்திறது எண்டு சுவரிலை எழுதேல்லையாம். அங்கை வேலை செய்யிற பிள்ளையிட்டைப் போய் முறைப்பாடு."

மூத்தவர் சிரிக்கவில்லை.

"என்ன வேண்டிக்கொண்டனீர்?"

"தம்பியின்ரை ஜெர்மன் பாஸ்போட்டுக்குத்தான். ரெண்டு வருசமா அலுவலகத்திலை நேரிலை வரச்சொல்லி ஒரு திகதி, ஒரு டெர்மின் குடுக்கேல்லை. நான் வந்து இறங்கின அண்டைக்கே டெர்மின் கடிதம் வந்திட்டுது."

மூத்தவர் கீரைப் பையைக் கீழே வைத்தார்.

"என்ரை மகனுக்கு இன்னும் டெர்மின் வரேல்லை. கண்காட்சி முடியிறதுக்குள்ளை, அவன்ரை பேரைச் சொல்லி மூண்டு சுத்துச் சுத்தச் சொல்லி உம்மடை மகளுக்கு இப்பவே போன் அடியும்."