ராணியின் அண்ணன் பிடித்த கயிறு

மத்தியான ஆட்டம் முடிந்து வேம்பார் போகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ். ராணி வாளெடுத்துச் சண்டை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆண்கள், தங்கள் கையிலும் வாள் இருப்பது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

“ராணி சண்ட போட்டதெல்லாம் எனக்கு மனசுலயே இல்ல மதினி. அந்தக் கயிறுதான் கண்ணுக்குள்ளயே நிக்கி.”

“எந்தக் கயிறு?”

“ராசா கோட்டச் சுவர்ல இறங்கும்போது ராணியோட அண்ணன் பிடிச்சிருந்தாம்லா. அறுத்து விட்டுட்டானே, பாவி.”

“அது சினிமா ஏளா.”

“இன்னைக்கு எங்க வீட்டுக்காரரு சங்கு குளிக்கப் போயிருக்காரு. கடலுக்குள்ள முங்குற அவரு இடுப்புக் கயித்த வள்ளத்துல பிடிக்கது எங்க அண்ணன்தான?”

“பின்ன யாரு பிடிப்பா? தங்கச்சி தாலிய நினைச்சுக் கயித்த விடமாட்டாம்னுதான மச்சான் கையில குடுக்கோம்? நம்ம கடக்கரையில என்னைக்கும் அதுதான வழக்கம்?”

“ராணியும் அப்படித்தான நம்புனா? நேத்து சீட்டாட்டத்துல அவரும் எங்க அண்ணனும் சட்டையப் பிடிச்சிக்கிட்டத நீங்களும் பாத்தீங்கள்லா.”

“என் புருசன் கோவக்காரருதான். கொலகாரரு இல்ல.”

மதினியின் உயர்ந்த குரல் உடனே தணிந்தது.

“காலையில ஒரு வாய் கஞ்சி குடிக்காமத்தான் போனாரு. எங்கூடப் பேசவும் இல்ல.”

சாலை கடல் பக்கம் திரும்பியது. தூரத்தில் வள்ளம் ஒன்று கரையேறியிருந்தது. இளையவள் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“நம்ம வள்ளம்தான் மதினி. ரெண்டு பேரும் நிக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க.”

மதினி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

“நீயே பாரு ஏளா,” என்றாள்.