பூசைக்குப் போன வண்டுகள்

அன்ரனெற்: பத்து மணியாகுது. ஒரு வண்டைக்கூடக் காணேல்லை.

கிளிபோட்: இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லே... பூசைக்குப் போயிருக்கும்.

அன்ரனெற்: ஓமோம். புருசன் போகாட்டிலும் வண்டாவது போகட்டும்.

கிளிபோட்: குளிராக்கும். இந்த ஸ்ரௌவ்வில் ஊர்க் காத்து...

அன்ரனெற்: கிறீன்ஹவுசுக்குள்ளை நிண்டு வேர்த்து ஒழுகுது உங்களுக்கு. குளிராம்!

கிளிபோட்: உம்மைப் பாத்தாலே வேர்க்கும்தானே.

அன்ரனெற்: இருபத்திரண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் வேர்க்குதோ? என்னத்தை மறைக்கிறீங்கள்?

கிளிபோட்: கொஞ்சினாலும் குற்றம்! பம்பிள் பீ எண்டு பேர்தான் பெரிசு. தேனும் தராது. குந்தியிருக்க ஒரு பெட்டி, குடிக்கச் சீனித்தண்ணி... என்னைவிட அதுக்கு வசதி.

அன்ரனெற்: அது வேலை செய்யுது. தக்காளிப் பூவைக் கட்டிப்பிடிச்சு ஒரு உலுப்பு உலுப்பும். மகரந்தம் கொட்டும், காய் பிடிக்கும். போன வருசம் அந்த வேலையை ஆர் செய்தது?

கிளிபோட்: நாங்கள்.

அன்ரனெற்: நாங்களோ? கரண்டிலை ஓடுற பல்லுப் பிறஷைப் பிடிச்சு ஒவ்வொரு பூவா உலுப்பினது நான். நீங்கள் வாசல்லை நிண்டு போன் கதைச்சனீங்கள்.

கிளிபோட்: முக்கியமான கோல்...

அன்ரனெற்: அப்பவும் பாதிப் பூ கொட்டினது. இந்த முறையும் கொட்டிச்சுதெண்டால் கிறீன்ஹவுசைத் திருப்பிக் குடுத்திட்டு மோர்னிங்சைட் வீட்டிலை குந்தியிருக்க வேண்டியதுதான்... நில்லுங்கோ. உந்தப் பெட்டிக் கதவு என்ன இப்பிடிக் கிடக்குது?

கிளிபோட்: எப்பிடி?

அன்ரனெற்: உள்ளுக்கு வரலாம், வெளியிலை போகேலாது. அப்பிடித் தள்ளிக் கிடக்குது. ஆர் தள்ளினது?

கிளிபோட்: வண்டே... உள்ளுக்கு நிண்டு...

அன்ரனெற்: கிளிபோட்!

கிளிபோட்: ஐயோ, பேர் சொல்லிக் கூப்பிடாதையும். பயமாயிருக்கு.

அன்ரனெற்: மருந்தடிக்கிற ஆக்கள்தான் கதவை உப்பிடித் தள்ளுறது. பாவசங்கீர்த்தனம் எண்டு நினைச்சுச் சொல்லுங்கோ. நான் சுவாமியார்.

கிளிபோட்: சுவாமியார் இடுப்பிலை கை வைச்சுக்கொண்டு நிக்கமாட்டார்.

அன்ரனெற்: சொல்லுங்கோ!

கிளிபோட்: ஓமப்பா... நேற்றுப் பின்னேரம் அடிச்சனான். இலை முழுக்கப் பச்சைப் பூச்சி. பாக்கப் பாக்க வயித்தெரிச்சல்.

அன்ரனெற்: மருந்தடிக்காத தக்காளி எண்டு சொல்லித்தானே கடைக்குக் குடுக்கிறம்?

கிளிபோட்: ஓம்...

அன்ரனெற்: பேந்தேன் வண்டுகளை உள்ளுக்கு விட்டுப் பூட்டினனீங்கள்? தேன் தராத சோம்பேறியள்தானே?

கிளிபோட்: செத்துப்போனால்... நீர் அழுவீர். அதைப் பாக்க என்னாலை ஏலாது.

அன்ரனெற்: நான் அழுவனெண்டோ...

கிளிபோட்: ஆனால் ஒண்டு சொல்லோணும். அருமையான மருந்து! விடிய வந்து பாத்தன், பாதிப் பூச்சி சரி.

அன்ரனெற்: அப்பிடியோ? அவ்வளவு அருமையோ?

கிளிபோட்: சிரிக்காதையும். இப்பத் திறந்தால் அதுகள் மருந்து பட்ட பூவிலை போய் இருக்கும். திறக்காட்டில் காய் பிடிக்காது. என்ன செய்வம்?

அன்ரனெற்: திறவுங்கோ.

கிளிபோட்: செத்துப்போகுமப்பா!

அன்ரனெற்: திறவுங்கோ எண்டிறன். நீங்கள் மருந்துக் கானை வான் சீற்றுக்குக் கீழை ஒளிச்ச அண்டைக்கே கண்டிட்டன். அதை எடுத்துக் கடையிலை திருப்பிக் குடுத்திட்டு, அதே மாதிரி ஒரு கானிலை பைப் தண்ணி நிரப்பி வைச்சனான். நேற்று நீங்கள் அடிச்சது அதைத்தான். வண்டைப் பூட்டிக் காப்பாத்தினது மட்டும் எனக்குத் தெரியாது... அதாலைதான் உங்களோடை இன்னும் கதைச்சுக்கொண்டு நிக்கிறன்.