அரை அங்குலம்

— தொடாதீங்க! அந்த முட்டுக்கட்டையில கை வச்சீங்கன்னா கார் கூரை நேரா தலையில இறங்கிடும்.

— ஐயோ... மன்னிச்சுக்கோ கண்ணு. கொட்டகைக் கதவு திறந்து கிடந்துச்சு, மழைக்கு ஒதுங்குற மாதிரி உள்ள வந்துட்டேன். ஹெட்டிங்கிறது...?

— நான்தான். நீங்க?

— கேல். மிசஸ் கேல். கடையில சீட்டு ஒட்டியிருந்துச்சே... "மோரிஸ் டிராவலர், மரச்சட்டம் போட்ட கார், சனிக்கிழமை நாலு மணிக்கு உடைக்கப் போறேன், உதிரி பாகம் வேணும்னா அதுக்கு முன்னாடி வரவும், ஹெட்டி"னு.

— ஓ... அதைப் பார்த்துட்டா வந்தீங்க? என்ன பாகம் வேணும்?

— அது வந்து... பின்கதவுக் கைப்பிடி.

— உங்ககிட்டயும் இதே கார் இருக்கா?

— சேச்சே, இல்ல. பக்கத்து வீட்டுல ஒருத்தங்க வச்சிருந்தாங்க. பார்த்துப் பார்த்து ஒரு ஆசை.

— காரே இல்லாம கைப்பிடி மட்டும்?

— குளியலறைக் கதவுக்குப் போடலாம்னு...

— நல்ல யோசனைதான். ஆனா நாலு மணி ஆகட்டும். அதுவரைக்கும் இது உதிரி பாகம் இல்ல, கார்.

— உடைக்கப் போறேன்னுதானே எழுதியிருந்த?

— பக்கச் சட்டத்தை மாட்டியும் இந்த முன்கதவு பூட்டலைன்னா உடைக்கிறவர் லாரியில ஏத்திட்டுப் போயிடுவார். பூட்டுச்சுன்னா எங்கம்மா வீட்டு முற்றத்துக்கு இழுத்துட்டுப் போயிடுவேன். நாளைக்குக் காலையில நூத்திருபது ஆடு இங்க குட்டி போட வருது. கொட்டகைக்காரர் மிஸ்டர் ப்ரைஸ் ஏற்கெனவே மூணு தடவை பொறுத்துட்டார். இனிமே ஆடா காரான்னா ஆடுதான்னுட்டார்.

— இப்படியே இழுத்துட்டுப் போனா என்ன?

— பக்கச் சட்டம் இல்லாமலா? இந்த கார்ல மரம் அழகுக்கு இல்லீங்க. பின்பாதியைத் தாங்குறதே அதுதான். சட்டம் இல்லாம ஒரு பள்ளத்துல இறங்குச்சுன்னா கூரை மடங்கி உக்காந்துடும்.

— தெரியும்...

— தெரியுமா?

— பக்கத்து வீட்டம்மா சொல்லுவாங்க.

— சரி, குடையை அங்க மாட்டுங்க. கை சும்மாதானே இருக்கு? சட்டத்தைத் தூக்கி வைக்க ரெண்டு பேர் வேணும். வரேன்னு சொன்னவன் ரக்பி பார்க்கப் போயிட்டான்.

— எனக்கு அறுபத்தெட்டு வயசு, கண்ணு.

— சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. கையுறை அந்த டப்பா மேல இருக்கு.

— இதெல்லாம் நீயே செஞ்சதா?

— ஆமா. ஆஷ் மரம். வாரத்துல அஞ்சு நாள் கால்நடை ஆஸ்பத்திரியில போன் எடுப்பேன். மீதி ரெண்டு நாள் இங்க. பதினாலு மாசம் ஆச்சு. ரெடியாச் செஞ்ச சட்டம் கிடைக்கும், எனக்குத்தான் வீம்பு.

— இதுக்கு முன்னாடி மரவேலை செஞ்சிருக்கியா?

— பள்ளிக்கூடத்துல ஒரு குருவிப் பெட்டி செஞ்சேன்.

— குருவி வந்துச்சா?

— எட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு.

— இது என்ன, சட்டத்தோட இந்தத் தூண்ல இவ்வளவு நீளமா ஒரு வடு?

— உளி சறுக்கிடுச்சு. விரல் தப்பிச்சுது, தூண் மாட்டிக்கிச்சு. அதைப் பார்க்காதீங்க. பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

— பழைய சட்டத்தை எங்க போட்ட?

— அதோ, மூலையில. வாங்கும்போது எப்படி இருந்துச்சு தெரியுமா! தேன் நிறத்துல மினுமினுன்னு. ஏலத்துல பார்த்த உடனே கையைத் தூக்கிட்டேன். தட்டிக்கூடப் பார்க்கல. வீட்டுக்குக் கொண்டு வந்து சோப்புத் தண்ணி விட்டுக் கழுவறேன்... மரத்தோட ரேகை துணியில வருது.

— ரேகையா...

— வரி வரியா. எவளோ ஒருத்தி மக்கின மரத்தைச் சுரண்டிட்டு, பட்டி பூசி, நிறம் ஏத்தி, மேல ரேகை வரைஞ்சிருக்கா.

— அது ஏன் "எவளோ"? ஆம்பளையா இருக்கக் கூடாதா?

— புருவப் பென்சிலுங்க! எங்கம்மா போடுற அதே பழுப்பு. ஆம்பளையா இருந்தா பெயிண்ட் டப்பாவைத் தேடியிருப்பான்.

— மேல ஸ்ப்ரே அடிச்சா அது கரையாதே...

— என்னது?

— இல்ல... முடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே. அது அடிச்சிருந்தா மழைக்குத் தாங்கியிருக்குமேன்னு சொன்னேன்.

— மழைக்குத் தாங்குச்சு. சோப்புக்குத் தாங்கல. பட்டியைத் தேய்க்கும்போது ஒரு வாசனை வேற. என்னடா இதுன்னு ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்.

— காபித்தூள்.

— காபித்தூளா?

— நிறத்துக்குன்னு சிலபேர் கலப்பாங்களாம்.

— பக்கத்து வீட்டம்மாவா?

— ஆமா. அவங்கதான்.

— கைகாரிதான் போங்க. என் காரை இப்படிப் பண்ணினவங்களை என்னைக்காவது பார்த்தா படிச்சுக் காட்டணும்னு ரெண்டு பக்கம் திட்டி எழுதி வச்சிருக்கேன். இதோ, சட்டைப்பையிலயே இருக்கு.

— படியேன், கேட்போம்.

— அப்புறம். மணி ரெண்டரை. அந்த முனையைப் பிடிங்க... அங்க இல்ல, வளைவுக்குக் கீழ. மூணு சொன்னதும் தூக்கணும். ஒண்ணு, ரெண்டு...

— இரு இரு, மூணுலயா, மூணுக்கு அப்புறமா?

— மூணுல! மூணு! தூக்குங்க... உள்ள தள்ளுங்க... இன்னும்... விரலை எடுங்க, விரலை!

— எடுத்துட்டேன். உக்காந்துச்சா?

— உக்காந்துச்சு. அப்படியே சாஞ்சு பிடிச்சுக்கோங்க, நான் ஸ்க்ரூவை மாட்டுறேன். ஒண்ணு... ரெண்டு... போதும். கதவைச் சாத்திப் பார்க்கலாம். எதாவது சாமி பேரு தெரிஞ்சா சொல்லுங்க.

— சாத்து.

— பூட்டல.

— திரும்பச் சாத்திப் பாரு. கொஞ்சம் வேகமா.

— வேகமாச் சாத்தினாலும் மோதுது. பாருங்க, கதவு நாக்கு இங்க இருக்கு. தூண்ல அது போய் விழவேண்டிய கொக்கி மேல இருக்கு. அரை அங்குலம். சட்டமே அரை அங்குலம் உசந்து நிக்குது.

— கதவைக் கொஞ்சம் தூக்கிக் கட்டினா?

— கீல் இரும்பு, கார் உடம்போட சேர்ந்தது. அது சரியான எடத்துலதான் இருக்கு. தப்பு என் சட்டத்துலதான். பதினாலு மாசம், மிசஸ் கேல்! ஒவ்வொண்ணையும் மூணு தடவை அளந்தேன்.

— உக்காரு. டீ கொண்டு வந்திருக்கேன், ஃப்ளாஸ்க்ல.

— கைப்பிடி வாங்க வர்றவங்க ஃப்ளாஸ்க்கோட வருவாங்களா?

— எங்க போனாலும் எடுத்துட்டுப் போவேன். குடி. பிஸ்கட்டும் இருக்கு. எதைப் பார்த்து அளந்த?

— தூணைப் புத்தகத்துல இருக்கிற அளவுப்படி செஞ்சேன். பழைய தூணோட கால் மக்கிப் போயிருந்துச்சு, அதை நம்ப முடியல. அடிக்கட்டையைப் பழசைப் பார்த்து செஞ்சேன். அது பட்டிதான், ஆனா நீளம் அகலமெல்லாம் சரியா இருந்துச்சு. இடது வலது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன், மயிரிழை வித்தியாசம் இல்ல. அடியில அந்தத் தனிப் பலகை உட்பட.

— எந்தப் பலகை?

— இதோ, தூணுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவுல ஒரு சின்னப் பலகை. புத்தகத்துல இது கிடையாது. நான் படம் எடுத்து மோரிஸ் கார் கிளப்புக்கு அனுப்பினேன். மூணு வாரம் சண்டை! கடைசி வருஷம் தயாரான கார்ல மட்டும் கம்பெனியே போட்டிருக்கும்னு நாலு பேர். இல்லவே இல்லைன்னு ஆறு பேர். ஒருத்தர் "அறியப்படாத ஒரு பாகம்"னு கிளப் இதழ்ல ஒரு பக்கம் எழுதிட்டார். அதுல இருந்த கீறலைக் கூட ரம்பத்தோட தடம்னு அம்பு போட்டுக் காட்டியிருந்தார். என்ன, சிரிக்கிறீங்களா?

— இல்ல. புரையேறிடுச்சு.

— நான் அதையும் விடல. அதே கனத்துல ஆஷ் மரத்துல புதுசா செஞ்சு ரெண்டு ஸ்க்ரூ போட்டு வச்சிருக்கேன்.

— மணி என்ன?

— மூணு பத்து. ஏன் எழுந்துட்டீங்க? கிளம்புறீங்களா? கைப்பிடியைக் கழட்டித் தந்துடறேன் இருங்க. இனிமே எதுக்கு...

— இல்ல, கண்ணு. கொஞ்சம் பேசாம இரு. அந்தப் பக்கத்து வீட்டம்மா... அவங்க வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி ஒரு கார்தான் உசுரு. அவருக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பிச்சு, முதியோர் இல்லத்துல சேர்த்தாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போவாங்க. மனுஷன் பொண்டாட்டி பேரை மறந்துட்டார். ஆனா கார் எங்கன்னு கேப்பார். உடைக்கிறவன்கிட்ட கொடுத்துடாதேம்பார்.

— ம்...

— வீட்டை வித்துட்டுச் சின்ன வீட்டுக்குப் போக வேண்டியதாச்சு. கார் நிறுத்த எடமில்ல. வந்து பார்த்தவங்க எல்லாம் மரத்தை அமுக்கிப் பார்த்துட்டு, உடைக்கிறதுக்குத்தான் ஆகும்னாங்க. மரம் நல்லா இருக்குன்னு தெரிஞ்சா ஓட்டுறவங்க யாராவது வாங்குவாங்க... அப்படின்னு அந்தம்மா நெனச்சாங்க. தப்புதான். பின்னாடி ஒரு குழந்தையை வச்சு ஓட்டும்போது உடைஞ்சிருந்தா? ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருந்திருப்பாங்க.

— இருந்திருப்பாங்க.

— தூண் கால் மக்கி அரை அங்குலம் குட்டையா போச்சு. கதவு பூட்டல. அடியில வைக்க சமமா ஒரு கட்டை கிடைக்கல. சமையலறையில ரொட்டி வெட்டுற பலகை இருந்துச்சு...

— என்ன பலகை?

— ரொட்டிப் பலகை. அதை ரெண்டா அறுத்து, இடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே கனம்தானே இருக்கும்.

— அப்போ அந்தக் கீறல்...

— ரொட்டிக் கத்தி.

— "அறியப்படாத ஒரு பாகம்"! ஐயோ... அவர் அளவு போட்டுப் படமெல்லாம் வரைஞ்சிருந்தாரே! மிசஸ் கேல், நான் ஒரு ரொட்டிப் பலகைக்கு ஆஷ் மரத்துல நகல் எடுத்திருக்கேன்!

— உன் தூண் இப்போ முழு நீளம். அடியில அது எதுக்கு?

— எதுக்குமே இல்ல! ஒட்டல... ஸ்க்ரூதான்! எழுந்திருங்க, எழுந்திருங்க, அந்த முனையைப் பிடிங்க!

— மூணுலயா, மூணுக்கு அப்புறமா?

— மூணுல! ஒண்ணு ரெண்டு மூணு... கீழ வைங்க. ஸ்க்ரூ டிரைவரை எங்க வச்சேன்? உங்க காலடியில இருக்கு, கொடுங்க. ஒண்ணு வந்துடுச்சு... இன்னொண்ணு... வாடா வெளிய... வந்துடுச்சு! தூக்குங்க.

— முதுகு பிடிச்சுக்கிச்சு.

— நாலு மணிக்கு அப்புறம் பிடிச்சுக்கட்டும். தள்ளுங்க... உக்காந்துச்சு. இது வேற மாதிரி உக்காருது. கேட்டீங்களா, அந்தச் சத்தம்?

— கேட்டுச்சு. ஸ்க்ரூ போடு.

— ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. தூணுக்கும் தகரத்துக்கும் நடுவுல மட்டும் லேசா ஆடுது. ஒரு அட்டை கனம். எதாவது காகிதம்... சரி, இது இருக்கு. நாலா மடிச்சா சரியா இருக்கும்.

— அது நீ எழுதி வச்சிருந்த ரெண்டு பக்கம் இல்ல?

— அதுக்கு இதைவிட நல்ல எடம் கிடைக்காது.

— காகிதம் ஈரம் குடிக்குமே, மரம் மக்கிடுமே.

— நீங்க சொல்றீங்களா அதை! அம்மா வீடு வரைக்கும்தான். அப்புறம் எடுத்துடுவேன். நகருங்க... இல்ல, நீங்களே சாத்துங்க.

— நான் வேண்டாம்.

— சாத்துங்க. லேசாத் தூக்கி...

— லேசாத் தூக்கி இழுக்கணும், அப்புறம் அழுத்தணும்... தெரியும்.

— பூட்டிடுச்சு.

— பூட்டிடுச்சு, கண்ணு.

— இன்னொரு தடவை. திறந்து சாத்துங்க.

— ம். கேளு.

— அழறீங்களா?

— மரத்தூள் பறக்குது இங்க. அந்தம்மா கேட்டா சந்தோஷப்படுவாங்க. நாளைக்கு ஞாயிறு. கார் நல்லா இருக்குன்னு அவர்கிட்ட பொய் இல்லாம சொல்லலாம்.

— ஹாரன் அடிக்குது பாருங்க. லாரி. நாலுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே வந்துட்டார்.

— ஓடு. கார் கிடையாதுன்னு சொல்லிட்டு வா.

— நீங்க போய்ச் சொல்லுங்க.

— நான் யாரு சொல்றதுக்கு? கைப்பிடி வாங்க வந்தவ.

— பழைய அடிக்கட்டைப் பொந்துல நீங்க திணிச்சிருந்த செய்தித்தாள்ல, எந்த வீட்டுக்குப் போடணும்னு கடைக்காரர் மூலையில பென்சில்ல எழுதின உங்க நிஜப் பேரும், மில் எண்ட்ங்கிற இடமும் அழியாம இருந்துச்சு. அதனாலதான் அந்தச் சீட்டை மில் எண்ட் கடையில மட்டும் ஒட்டினேன். போங்க, மிசஸ் ஆல்காட், லாரிக்காரரைத் திருப்பி அனுப்பிட்டு வாங்க... வரும்போது கைப்பையில புருவப் பென்சில் இருந்தா எடுத்துட்டு வாங்க, தூண்ல இருக்கிற இந்த வடுவை மறைக்கணும்.