நான் வைக்காத ஃபில்கள்

என் பெயரும் முகவரியும் நேற்று மாலை கொடுத்த வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது நாற்பத்தொன்று. நேற்று சொல்லாமல் விட்டதைச் சொல்ல இன்று நானாகவே வந்துள்ளேன்.

மாடி வீட்டின் முன்னறையில் கணினி வைத்து, மேடைப் பாடகர்களுக்குப் பின்னணி இசை டிராக் செய்து கொடுப்பது என் தொழில். பாட்டின் கார்ட்ஸ் என்னும் சுரக்கூட்டுகளை எழுதித் தாள வகையைத் தேர்ந்தெடுத்தால் டிரம்ஸ், பேஸ் கிட்டார் எல்லாவற்றையும் மென்பொருளே வாசித்துவிடும். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் நான் குறி வைத்தால், அங்கே டிரம்ஸ் ஓர் உருட்டு உருட்டிவிட்டு வழிவிடும். அதை ஃபில் என்போம்.

என் தங்கை பாடகி, வயது இருபத்தொன்பது. டிரம்மரான தன் கணவரைப் பிரிந்து, நான்கு மாதமாக என்னோடும் என் மனைவியோடும் இருந்தாள். அவளுடைய மேடைப் பாட்டுக்கான டிராக்கைத் திங்கட்கிழமை காலை முடித்தேன். புதன்கிழமை காலை திறந்தபோது, நான் குறியே வைக்காத இரண்டு இடங்களில் ஃபில் விழுந்தது. மென்பொருளின் கோளாறு என்று நினைத்து அழித்தேன். வியாழக்கிழமை காலை நான்கு இடங்களில் இருந்தது. அதன்பின் உற்றுக் கேட்டதில், அவை மென்பொருளின் ஃபில்களே அல்ல என்று தெரிந்தது. என் மேசைமேல் குச்சியால் அடித்து, என் மைக்கிலேயே பதிவு செய்தவை. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்டது புதன்கிழமை பகல் பதினொன்று இருபதுக்கு. அந்நேரம் நான் வெளியே ஒரு ரெக்கார்டிங்கில் இருந்தேன், தங்கை பாட்டு வகுப்பில் இருந்தாள்.

அதன்பின் தங்கையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். பாதியிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றி, ஒயரை நிதானமாகச் சுற்றி வைத்தாள்.

"இது அவர் கை அண்ணா. நான் பாட வாயத் திறக்கிற இடமாப் பாத்து அடிச்சிருக்காரு. வீட்லயும் இப்படித்தான் அடிப்பாரு."

பூட்டு உடைபடவில்லை. ஆகவே மனைவியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"சாவி நான்தான் குடுத்தேன். ரெண்டு பேரும் உக்காந்து பேசட்டும்னுதாங்க. உங்க தங்கச்சி இப்படியே எத்தன நாளைக்கு இருப்பா?"

சாவியைத் திரும்ப வாங்கிவிட்டதாகச் சொல்லி என் கையில் தந்தாள். நானும் நம்பினேன். பூட்டை மாற்றவில்லை, புகாரும் கொடுக்கவில்லை. தங்கையிடம், "இனி வர மாட்டாரு, நீ வேலயப் பாரு" என்றேன்.

நேற்று வெள்ளிக்கிழமை காலை மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். தங்கை வீட்டில் பயிற்சி செய்துகொண்டிருக்க, நானும் வெளியே போனேன். மூன்று இருபதுக்குத் திரும்பியபோது வாசற்கதவு திறந்திருந்தது. கணினியில் டிரம்ஸ் மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. தங்கையின் செருப்பு வாசலிலும் கைப்பேசி சார்ஜரிலும் இருந்தன. அவளைக் காணவில்லை. கீழ்வீட்டுத் தையற்காரரிடம் ஓடிக் கேட்டேன்.

"ரெண்டு மணிலேர்ந்து ஒரே டிரம்ஸ் சத்தம். நீங்கதான் வேல செய்றீங்கன்னு நெனச்சேன் சார்."

அதற்குப் பிறகு இங்கே வந்து புகார் கொடுத்தேன். மனைவி பெயர் வழக்கில் வர வேண்டாம் என்று சாவி விஷயத்தை மறைத்தேன்.

இன்று காலை அந்தக் கோப்பை முழுதாகக் கேட்டேன். கடைசி ஃபில் நேற்று மதியம் இரண்டு ஐம்பதுக்குப் பதிவானது. அடி நின்ற பிறகும் மைக் ஓடியிருக்கிறது. அதில் என் தங்கையின் குரல் இருக்கிறது. கத்தவில்லை, மெதுவாகத்தான் கேட்கிறாள்.

"அண்ணி, கதவத் தெறங்க. அண்ணி, நீங்க வெளிலதான நிக்கிறீங்க."

கணினி இருக்கும் அந்த அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. அது திறக்கும் சத்தம் அந்தப் பதிவில் இல்லை.

என் மனைவி இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். நான் இங்கே வந்தது அவளுக்குத் தெரியாது. கோப்பின் நகலை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை. இம்முறை எதையும் விடவில்லை.

(ஒப்பம்)