நீச்சல் பாடம்

காலையில் கட்கி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் மகளும். மகள் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள் போல. போனில் பாடங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீச்சல் மட்டும் எடுக்காதடீ. தண்ணில முங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அரே அம்மா, விளையாட்டுல ஒண்ணு எடுத்தே ஆகணும். இல்லாட்டி பாஸ் கிடையாது. எங்க காலேஜ்ல நீச்சல் குளமே இல்ல."

"பின்ன எப்படிச் சொல்லித் தருவாங்க?"

"போர்டுல வரைஞ்சு. பரீட்சையும் எழுதுறதுதான்."

அம்மாவின் முகம் தெளிந்தது.

"அப்ப அதையே எடு. அடுத்த செமஸ்டருக்கு?"

"மலையேத்தம்."

"காலேஜ்ல மலை இருக்கா?"

"பின்னாடியே ஒரு டேக்டி, அதான் குன்று, இருக்கே. சின்னதுதான்."

"அப்ப அது வேண்டாம். ஆபத்து" என்று சொல்லிவிட்டு, அம்மா வெடிமருந்து ஃபேக்டரி வாசலில் வேலைக்கு இறங்கிப் போனார்.